பழகிப்போன விரல்

அன்புள்ள ஐயா,

நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவன். இடைமுக வடிவமைப்பை, அதாவது மனிதர் கையாளும் திரையையும் பொத்தான்களையும் வடிவமைப்பதை, அடிப்படையிலிருந்து கற்க விரும்புகிறேன். எந்த மென்பொருளில் தொடங்கலாம்? எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு நண்பர்களுடன் ஒரு செயலி செய்தேன். அங்கே பால் அளப்பவர்கள் அளவைத் தவறாகப் பதிகிறார்கள். எச்சரிக்கையைப் படிக்காமலே 'சரி'யை அழுத்துகிறார்கள். அதிகம் படிக்காதவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

செ.

அன்புள்ள செ.,

மென்பொருள் எதுவானாலும் ஒரு மாதத்தில் கைவந்துவிடும், விடுங்கள். உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. தெராக்-25 பற்றியே யோசித்துக்கொண்டிருந்த வேளையில் அது கண்ணில் பட்டது.

தெராக்-25 புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேர் மீது அளவுகடந்த கதிர்வீச்சைப் பாய்ச்சியது. மென்பொருள் பிழையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதன் திரைதான் ஆறவில்லை. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில், தவறித் தட்டிய ஓர் எழுத்தைச் சட்டென்று திருத்திவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கினார் ஒரு பணியாளர். இயந்திரம் நின்றது. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று மட்டும் வந்தது. போன அளவோ மிகக் குறைவு என்று காட்டியது. 'பி' விசையை அழுத்தினால் சிகிச்சை தொடரும். அழுத்தினார். ஏற்கெனவே துடித்துப்போயிருந்த நோயாளிமேல் மறுபடியும் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

அந்தப் பணியாளர் பயிற்சி பெற்றவர், அனுபவசாலி. படிப்பா குறைந்துவிட்டது அவருக்கு? காரணம் சொல்லாமல் அடிக்கடி நின்றது அந்த இயந்திரம். ஒவ்வொரு முறையும் 'பி' அழுத்தினால் ஒன்றும் ஆகாமல் வேலை நடந்தது. அப்படித்தான் அது அவர் விரலைப் பழக்கியது. உங்கள் செயலியும் அதையே செய்கிறது, செ. ஒவ்வொரு பதிவுக்கும் 'உறுதியாகவா?' என்று கேட்டால் எந்த மனிதனும் மூன்றாம் நாளில் படிப்பதை நிறுத்திவிடுவான். நீங்களும்தான். செயலிகளின் விதிமுறைகளை என்றாவது முழுதாகப் படித்துவிட்டு 'ஏற்கிறேன்' அழுத்தியதுண்டா?

இரண்டாம் உலகப்போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் சிலர் தரையிறங்கியபின் இறக்கையின் ஓர மடிப்பை (ஃபிளாப்) ஏற்றுவதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிடுவார்கள். அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் விமானிகளைத் திட்டவில்லை. ஒரே மாதிரி அருகருகே இருந்த இரண்டு விசைகளையும் தடவினாலே வேறுபாடு தெரியும்படி வடிவம் மாற்றச் செய்தார். நீங்கள் கேட்ட அடிப்படை இதில் இருக்கிறது.

எப்போதும் 6 லிட்டர் ஊற்றுபவர் கணக்கில் 60 என்று விழும்போது மட்டும் கேளுங்கள். 'நேற்று 6, இன்று 60' என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். மற்ற நேரம் கேட்கவே வேண்டாம். தவறினால் திருத்த வழி வைத்தால் போதும். நீங்கள் கெட்டிக்காரர், அக்கறையும் இருக்கிறது, இல்லாவிட்டால் சங்கத்துக்காக உழைத்திருக்க மாட்டீர்கள். நாளை விடியற்காலையில் அங்கே போய், பால் அளப்பவர் ஈரக்கையோடு உங்கள் திரையைத் தொடுவதைப் பின்னால் நின்று பாருங்கள். வாயைத் திறக்காதீர்கள், கற்றுத்தராதீர்கள். அவர் விரல் எங்கே தயங்கியது என்பதை மட்டும் குறித்து எனக்கு எழுதுங்கள்.