கீழே விழுந்தபின் மணிக்கட்டு வலிக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். எலும்பு முறிந்திருக்குமா?

முறிந்திருக்கலாம். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. கையை ஊன்றி விழும்போது அவற்றில் அதிகம் முறிவது பெருவிரல் பக்கமுள்ள ஸ்கேஃபாய்டு. ஏறக்குறைய முந்திரிப் பருப்பு அளவு, அதே வளைவு. மயிரிழை விரிசல் முதல் நாள் படத்தில் பல சமயம் தெரியாது.

பெருவிரலை மேலே தூக்குங்கள். அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம். அங்கே அழுத்தினால் சுருக்கென்று வலித்தால், படம் சுத்தமாக இருந்தாலும் பெருவிரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். எம்ஆர்ஐ எடுத்தால் காத்திருக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு கவனம்? இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து, முழங்கை பக்க முனைக்குப் பின்னோக்கிப் போகிறது. வாய்க்கால் நடுவில் உடைந்தால் கடைமடை வயல் காய்கிற மாதிரி, இந்த எலும்பு நடுவில் முறிந்தால் முழங்கை பக்கமுள்ள அந்தக் கடைசித் துண்டு பட்டினி கிடக்கும். அதனால்தான் விலகாத முறிவுக்கே 6 முதல் 12 வாரம் மாவுக்கட்டு. விலகியிருந்தாலோ கடைசி முனை முறிந்தாலோ பெரும்பாலும் திருகாணி. கூடாமல் விட்டால் சில ஆண்டுகளில் மூட்டு தேயும்.

“விரலெல்லாம் அசையுதே, வெறும் சுளுக்குதான்” என்று உருவிவிடப் போகாதீர்கள்: ஸ்கேஃபாய்டு முறிந்தாலும் விரல்கள் நன்றாகவே அசையும், வீக்கம்கூடக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.