யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ரெஸ்பான்சிபிள்’, ‘அக்கவுண்டபிள்’ என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் நாம் ‘பொறுப்பு’ என்றுதானே எழுதுகிறோம்? ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதானே? (வாசகர், திருச்சி)

பதில்: அவ்வளவு சுலபமாக விட முடியாது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ரெஸ்பான்சிபிளோடு பெரும்பாலும் ‘ஃபார்’ வரும். எதற்குப் பொறுப்பு என்பதை அது சொல்லும். அக்கவுண்டபிளுக்கு ‘டு’ வேண்டும். யாருக்கு என்பது தெரியாமல் அந்தச் சொல் முழுமையாகாது. பள்ளி வேன் ஓட்டுபவர் குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. ஆனால் வேன் வர ஒரு மணி நேரம் தாமதமானால், வாசலில் நிற்கும் பெற்றோருக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். பொறுப்பு என்பது ‘பொறு’ என்பதிலிருந்து வந்தது, சுமப்பது. சுமையை ஒருவர் தனியாகவே சுமந்துவிடலாம். பதில் சொல்ல, எதிரே கேட்பவர் இருக்க வேண்டும்.

அப்படி எதிரே ஆட்கள் உட்கார்ந்து கேட்ட வரலாறு அந்த மொழிக்கு உண்டு. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசருக்குச் சேர வேண்டிய பணத்தை வசூலித்த ஷெரீஃப்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்கும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்கும், அரசரின் அதிகாரிகள் முன்னால் வந்தாக வேண்டும். 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை. மேலே கட்டம் போட்ட துணி. கட்டங்களில் காய்களை வைத்து, வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஷெரீஃபின் கண்ணெதிரே கூட்டிக் கழிப்பார்கள். சதுரங்கப் பலகை போன்ற அந்தத் துணியால் அந்தக் கணக்கு அலுவலகத்துக்கு வந்த பெயர்தான் ‘எக்ஸ்செக்கர்’. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றும் இருக்கிறது. ‘ஆடிட்’ என்ற சொல்லுக்கும் வேர் லத்தீனில் ‘கேட்டல்’தான். கணக்கை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டார்கள். ‘ஆன்ஸர்’ இன்னும் அழுத்தமானது. அதற்குள் ‘ஸ்வேர்’ ஒளிந்திருக்கிறது: குற்றச்சாட்டை மறுத்துச் செய்யும் சத்தியம்.

இவ்வளவு இருந்தும் அதே ஆங்கிலத்தில் நழுவ வழி இருக்கிறது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரியில், ‘பெரிய தவறுகள் செய்யப்பட்டன’ என்றார். செய்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. மார்ச் 4ஆம் தேதி, என் செயல்களுக்கும் என் நிர்வாகத்தின் செயல்களுக்கும் முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன் என்றார். சரி, இப்போது ஆள் வந்தார். ஆனாலும் அந்த வாக்கியத்தில் ‘எதற்கு’ இருக்கிறது, ‘யாருக்கு’ இல்லை. மே மாதம் நாடாளுமன்றக் குழுக்கள் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன் அதிகாரிகளைச் சத்தியம் செய்ய வைத்து விசாரித்தபோதுதான் அது வந்தது.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்’ என்கிறது தமிழ் பைபிள். யாருக்கு என்பது அதில் பளிச்சென்று நிற்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘பொறுப்புக்கூறல்’ அன்றாடச் சொல். வெறும் ‘பொறுப்பு’ என்று எழுதிக் கேட்பவரை வெளியே நிறுத்திவிடுவது நாம்தான். இந்த இதழிலும் அந்தத் தவறைச் செய்திருக்கிறோம். இனி ‘அக்கவுண்டபிள்’ வரும் இடத்தில், யாருக்குக் கணக்கொப்புவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே அச்சிடுவோம்.