அவள் தூங்கிய பிறகு

கேள்வி: என் எட்டு வயது மகள், ஓவியம், கைவேலை, நாடகம் ஆகியவற்றோடு பாடங்களையும் இணைத்துக் கற்பிக்கும் பள்ளியில் படிக்கிறாள். அங்கே மதிப்பெண் கிடையாது. அது வசதியானவர்களின் பொழுதுபோக்குப் படிப்பு என்கிறார் என் கணவர். அவள் செய்து கொண்டுவருபவற்றை வைக்க வீட்டில் இடமில்லை. போன வாரம் கொண்டுவந்த களிமண் படகு உட்பட எல்லாவற்றையும் அவள் தூங்கிய பிறகு குப்பையில் போட்டுவிடுவேன். இப்போதெல்லாம் அவளும் கேட்பதில்லை. வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: "இப்போதெல்லாம் அவளும் கேட்பதில்லை" என்று எவ்வளவு நிம்மதியாக எழுதிவிட்டீர்கள், அம்மா! உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அந்த வரிதான். அவள் தூங்கும்வரை ஏன் காத்திருந்தீர்கள்? செய்வது தவறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

உருண்டையாகப் போட்டால் தண்ணீரில் மூழ்கிவிடும் அதே களிமண், நடுவில் குழித்துக் கரையை உயர்த்தினால் மிதக்கும். தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் அளவுக்கு அதன் வயிறு அகன்றிருக்க வேண்டும் என்பதை, சூத்திரமாக மனப்பாடம் செய்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கரை மெலிந்து உடைந்த படகிலும் அடி கனத்து மூழ்கிய படகிலும் பிள்ளைகளின் விரல்கள் கற்றுக்கொள்கின்றன. கணக்கும் அறிவியலும் விடாமுயற்சியும் ஒரே கைப்பிடி மண்ணில் சேர்ந்து வரும் படிப்பு அது. அதைத்தான் குப்பையில் போட்டீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படிக் கையால் செய்து கற்கும் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய முதல் பள்ளி ஏழைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. இன்னொரு முன்னோடியான ருடால்ஃப் ஸ்டைனர் 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய பள்ளியும் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத்தான். இன்று பல இடங்களில் கட்டணம் ஏறிவிட்டது உண்மை. அதற்காக இந்தக் கல்வியே பொழுதுபோக்கு ஆகிவிடாது.

பள்ளியை மாற்றாதீர்கள். வாசிப்பிலோ கணக்கிலோ மகள் பின்தங்கியிருக்கிறாளா என்று ஆசிரியரை நேரில் பார்த்துக் கேளுங்கள். அது பெற்றோர் இருவரின் கடமை.

இன்றே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுங்கள். அதில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். படகை எறிந்தது நீங்கள்தான் என்று அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில் தாய்க்கு எந்த இழிவும் இல்லை. பிறகு, அந்தப் படகை எப்படிச் செய்தாய் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.