ஜிங்க் போட்ட போல்ட் மறுநாள் முறிவது ஏன்?

12.9 கிரேடு (மிக உறுதியான, கடினமான எஃகு) போல்ட்டுக்கு ஜிங்க் பிளேட்டிங் போட்டு, முடுக்கிய மறுநாள் தலை தெறிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் ஹைட்ரஜன் வேலைதான் சார். துரு நீக்கும் ஆசிட் தொட்டியிலும் பிளேட்டிங் தொட்டியிலும் அது இரும்புக்குள் புகுந்துவிடும். முடுக்கும்போது தாங்கும், அப்புறம் மெல்ல விரிசல் வளரும். முறிந்த முகத்தைப் பாருங்கள், கழுத்து மெலியாமல் கல்கண்டு உடைத்தது மாதிரி மினுமினுப்பாக இருக்கும்.

அடுத்த முறை, புகுந்த ஹைட்ரஜன் வெளியேற, பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள், பாசிவேஷனுக்கு (ஜிங்க் மேல் போடும் பாதுகாப்புப் படலம்) முன்பே, 190–220 டிகிரி செல்சியஸ் ஓவனில் பல மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். பாசிவேஷனுக்குப் பின் சுட்டால் அந்தப் படலம் கெட்டுவிடும். (இதைத்தான் நிறையப் பேர் மாற்றிச் செய்கிறார்கள்.) ஆசிட்டில் ஊறவைப்பதற்குப் பதில் ஷாட் பிளாஸ்டிங் (சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது) நல்லது.

மிச்சமுள்ள லாட்டை இப்போது சுட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள், விழுந்துவிட்ட விரிசல் சுட்டாலும் சேராது. ஸ்கிராப்பில் போடுங்கள்.