குதி நிலத்தில் படாத பிள்ளைக்கு எண்ணெய் உருவுதல் போதுமா?

திருகோணமலையில் பெருமூளை வாதமுள்ள நாலு வயதுப் பிள்ளை நுனிக்காலில் நடக்கிறாள், எண்ணெய் போட்டு உருவினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வராது. இறுக்கம் காலில் தெரிந்தாலும் பிழையான கட்டளை வருவது மூளையிலிருந்து. உருவினால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

தேவை கெண்டைத்தசையை நீட்டும் பயிற்சி. அப்படி நீட்டும்போது பலர் முன்பாதத்தைப் பிடித்து மேலே தள்ளுகிறார்கள். அப்போது நடுப்பாதம்தான் வளையும், கெண்டைத்தசை நீளாது. நாளடைவில் பாதம் தட்டையாகிவிடும். முழங்காலை நேராக வைத்து, குதியை உள்ளங்கைக்குள் பொத்திக் கீழே இழுங்கள். பாதத்தின் அடியில் உங்கள் முன்கை சாய்ந்து மெல்லத் தள்ளட்டும். 30 விநாடி, நாலைந்து தடவை. வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும்.

இதுவும் தனியே போதாது. பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்ப்ளின்டும் தேவை. அதைப் பருத்தி மேசுக்கு மேலே போடுங்கள். நம்மூர் வெக்கைக்கு வியர்வையில் தோல் புண்ணாகும். கழற்றி அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டால் ஸ்ப்ளின்டைத் திருத்தக் கொடுக்க வேண்டும்.

மிச்சம் விளையாட்டில்தான்: உப்புவெளிக் கரையில் சிப்பி பொறுக்கக் குந்தி எழும்புவது நல்ல பயிற்சி, அவள் தானாகவே செய்ய வேண்டும். இடுப்பு எக்ஸ்ரே பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள். இடுப்பு மூட்டு விலகத் தொடங்கினால் பெரும்பாலும் வலி வரும்வரை வெளியே தெரியாது.