பயணியின் கேமரா: எங்கே நெருங்குவது, எங்கே விலகி நிற்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத்தில் நீண்ட விடுப்பு பெற்று, முதுகுப்பை ஒன்றுடன் நான்கு மாதங்கள் வெளிநாடுகளைச் சுற்றிவர முடிவுசெய்திருக்கிறேன். ஜனவரியில் இலங்கையில் தொடங்கி, தாய்லாந்து, கம்போடியா, இந்தோனேசியா என்று சென்று, இறுதியாக பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளையும் மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவையும் பார்த்துத் திரும்புவது திட்டம். கடற்கரைகள், காட்டுயிர்கள், அந்தந்த ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கை ஆகிய மூன்றையும் படமெடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஆனால் இதற்கு முன் சென்ற சிறு பயணங்களில் எடுத்த படங்களைப் புரட்டிப் பார்த்தால், அவை எல்லாமே எங்கோ ஏற்கெனவே பார்த்தவை போல இருக்கின்றன. மனிதர்களைப் படமெடுக்க எனக்குக் கூச்சம் அதிகம். தெருவின் மறுபக்கம் நின்று ஜூம் செய்து எடுத்துவிடுவேன். விலங்குகளிடம் அந்தக் கூச்சம் இல்லாததால் முடிந்தவரை கிட்டே போய்விடுகிறேன். படம் எடுக்கப் பணம் கேட்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது? எந்த லென்ஸ்களை எடுத்துச் செல்வது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் வந்து விழுந்த ஒரு செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனிதர்களைத் தொலைவிலிருந்தும் விலங்குகளைக் கிட்டே சென்றும் படமெடுப்பதாகச் சொல்கிறீர்கள். முதுகுப்பையோடு ஊர் சுற்றுபவர்களில் பெரும்பாலோர் இதையேதான் செய்கிறார்கள். இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். விலங்கிடம் சம்மதம் கேட்க வழியில்லை, ஆகவே அது தன் போக்கில் இருக்கும்படி விலகி நிற்பதுதான் நாம் செய்யக்கூடியது. மனிதரிடம் கேட்க முடியும். கேட்க முடிந்த இடத்தில் கேட்காமல், கண்ணில் படாத தொலைவில் நின்று எடுப்பதைக் கூச்சம் என்று சொல்லி நாம் நம்மை மன்னித்துக்கொள்கிறோம். எடுக்கப்படுபவருக்கு அது கூச்சமாகத் தெரிவதில்லை.

படங்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதற்கும் இதுவே காரணம். அளவுக்கு மீறி நெருங்கப்பட்ட விலங்கு எந்த நாட்டில் எந்த இனமாக இருந்தாலும் ஒரே காரியத்தைத்தான் செய்யும்: மேய்வதை நிறுத்தும், தலையை நிமிர்த்தும், காதுகளை முன்னால் திருப்பி லென்ஸையே பார்க்கும். அடுத்த நொடி ஓடிவிடும். தெருவின் மறுபக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட மனிதரும் அப்படியே. பாதி முகம், வேறெங்கோ பார்க்கும் கண்கள், மங்கிப்போன பின்னணி. நீங்கள் எடுத்திருப்பது உங்கள் தொலைவை. விலங்கும் மனிதரும் அதில் தற்செயலாக இருக்கிறார்கள்.

கலாபகஸ் இதைப் பழகிக்கொள்ள மிக நல்ல இடம். அங்கே தேசியப் பூங்காவின் விதிப்படி விலங்குகளிடமிருந்து குறைந்தது 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும், ஃப்ளாஷ் பயன்படுத்தக் கூடாது, பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும், குறிக்கப்பட்ட பாதையை விட்டு இறங்கவும் கூடாது. பெரிய வேட்டை விலங்குகள் இல்லாத தீவுகளில் வளர்ந்த உயிர்கள் என்பதால் அங்குள்ள பறவைகளும் கடற்சிங்கங்களும் மனிதரைக் கண்டு பெரும்பாலும் அஞ்சுவதில்லை. நீலக்கால் பூபி என்னும் கடற்பறவைகள் பாதையின் நடுவிலேயே முட்டையிட்டு அமர்ந்திருக்கும். கடற்சிங்கக் குட்டி ஒன்று தானாகவே உங்களை நோக்கி வந்தால் பின்வாங்க வேண்டியவர் நீங்கள்தான். இந்த 2 மீட்டரைப் பலர் தடையாக நினைக்கிறார்கள். தரையோடு தரையாகப் படுத்து, விலங்கின் கண்மட்டத்துக்கு லென்ஸை இறக்கி, அங்கேயே அரைமணி நேரம் கிடந்து பாருங்கள். அது உங்களை மறந்து தன் வேலைக்குத் திரும்பும்; சண்டையிடும், சிறகு கோதும், குஞ்சுக்கு ஊட்டும். படம் அப்போதுதான் தொடங்குகிறது.

கோஸ்டா ரிக்காவின் டோர்ட்டுகேரோவில் விதி இன்னும் கடுமையானது. பச்சைக் கடலாமைகள் முட்டையிடுவதைக் காண இரவில் அழைத்துச் செல்லும்போது கேமராவையே கொண்டுபோக விடமாட்டார்கள். வெளிச்சம் கண்டால் கரையேறிய ஆமை முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடக்கூடும், பொரித்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் திசை தவறிவிடும் என்பதே காரணம். அதே நாட்டின் பசிபிக் கரையில் ஓஸ்டியோனல் என்னும் இடத்தில், 2015 செப்டம்பரில், கூட்டம் கூட்டமாகக் கரையேறிய சிற்றாமைகளை (ஆலிவ் ரிட்லி கடலாமைகளை) பார்க்க வந்த பயணிகளே கூட்டமாகி வழிமறித்ததால் பல ஆமைகள் முட்டையிடாமல் திரும்பிப்போயின. படமில்லாமல் திரும்பும் ஓர் இரவையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தின் சுற்றுலாக் கடற்கரைகளில் இதற்கு நேர் எதிரானது நடக்கும். ஸ்லோ லோரிஸ் என்னும், நம் தேவாங்கின் உறவான இரவு விலங்கைத் தோளில் சுமந்துவந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கிச்சுகிச்சு மூட்டினால் அது கைகளைத் தூக்கிக்கொண்டு சிரிப்பதுபோலக் காட்டும் காணொளிகளை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அதன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் சுரப்பை எச்சிலோடு கலந்து நஞ்சாகக் கடிப்பதற்காகவே அச்சத்தில் கையைத் தூக்குகிறது. கடிக்காமல் இருக்க வேண்டும் என்றே பல விலங்குகளின் பற்களை வெட்டிவிடுகிறார்கள். 2007 முதல் அதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டிருந்தும் தெருவில் இந்தத் தொழில் ஓய்ந்துவிடவில்லை. ஒரு படத்துக்குக் கொடுக்கும் சில்லறை அடுத்த குட்டியைக் காட்டிலிருந்து பிடித்துவரச் செலவாகிறது என்பதால், இந்த இடத்தில் மட்டும் நான் தயக்கமில்லாமல் சொல்வேன்: எடுக்காதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள்.

இனி மனிதர்கள். 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றிக் கிடந்த தொழிலாளர் முகாமில், டோரதியா லாங்கே என்ற புகைப்படக் கலைஞர் ஒரு தாயைப் படமெடுத்தார். அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் முகமாகவே அந்தப் படம் ஆகிவிட்டது. லாங்கே தொலைவில் ஒளிந்து நின்று எடுக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இன்னும் அருகே சென்றுதான் எடுத்தார். ஆயினும் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவருடைய பெயர் உலகுக்குத் தெரியவந்தது 1978-இல். தன் பெயரைக் கேட்கவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பவில்லை, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் அப்போது சொன்னார். மகத்தான படம் என்பதில் எனக்கு ஐயமில்லை, அவருடைய மனக்குறை நியாயமானது என்பதிலும் ஐயமில்லை. நெருங்குவது என்று நான் சொல்வது அடிக்கணக்கு மட்டும் அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆகவே உங்கள் கூச்சத்துக்கு நான் சொல்லக்கூடிய வழி எளியது, ஆனால் மெதுவானது. கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு சந்தைக்கோ படகுத்துறைக்கோ முதல் நாள் போங்கள், எதையாவது வாங்குங்கள், உட்காருங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போகும்போது நீங்கள் அங்கே ஏற்கெனவே தெரிந்த முகம். அந்த மொழியில் வணக்கம், நன்றி, எடுக்கலாமா என்ற மூன்றையும் கற்றுக்கொண்டு, கேமராவைத் தூக்கிக் காட்டிக் கேளுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். முதல் ஐந்து நிமிடங்களுக்கு அது உண்மைதான், எல்லோரும் விறைத்து நின்று சிரிப்பார்கள். அந்தப் படங்களையும் எடுங்கள், அவர்கள் விரும்புவது அவற்றைத்தான். பிறகு நீங்கள் அங்கேயே இருந்தால் அவர்கள் வலையைப் பழுதுபார்க்கவும் மீனை அறுக்கவும் திரும்பிவிடுவார்கள். கூடவே இருக்கும் அனுமதி உங்களுக்குக் கிடைத்திருக்கும். தலையசைத்து மறுத்தவரை வேறு கோணத்திலிருந்து எடுக்க முயலக் கூடாது. எடுத்த படத்தை அன்றிரவே அவர்களுடைய கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். தாம்சனுக்குக் கிடைக்காத பிரதி இன்று ஒரு நிமிட வேலை.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கையின் தென்கரையில் கொக்கலைப் பக்கம் கடலில் நட்ட கழிகளின் மேல் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்களை நிச்சயம் பார்ப்பீர்கள். இன்று அந்தக் கழிகளில் இருப்பவர்களில் பலர் மீனுக்காக அல்ல, பயணிகளின் படத்துக்காக அமர்கிறார்கள், அதற்குப் பணமும் கேட்கிறார்கள். இதை ஏமாற்று என்று கோபித்துக்கொள்ளும் பயணிகளை எனக்குப் புரிவதில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் கழிமேல் உட்கார்ந்திருப்பது வேலைதான். வேலைக்குக் கூலி உண்டு. தொகையை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள். குற்றம் பிறகு நடக்கிறது, அந்தப் படத்தைக் காலங்காலமாக மாறாத மீன்பிடி வாழ்க்கை என்று தலைப்பிட்டு வெளியிடும்போது. காட்டுயிர்ப் படங்களுக்கும் இந்த நேர்மை பொருந்தும்: லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அந்த ஓநாய் பெரும்பாலும் மனிதரிடம் பழக்கப்பட்ட விலங்குதான் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. பழக்கப்பட்ட விலங்கு என்று சொல்லியே வெளியிட்டிருந்தால் அந்தப் படம் அழகான படமாகவே மிஞ்சியிருக்கும், பரிசு மட்டும் கிடைத்திருக்காது.

குழந்தைகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பெற்றோர் அருகில் இருந்து சம்மதித்தாலொழிய வேண்டாம். கம்போடியாவில் அநாதை இல்லங்களுக்குப் பயணிகளை அழைத்துச்சென்று குழந்தைகளோடு படமெடுக்க வைப்பதே ஒரு வணிகமாக வளர்ந்திருந்தது; அங்கே வைக்கப்பட்டிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்ற பிரசாரமே அங்கு நடத்த வேண்டியிருந்தது.

கடற்கரைக்கு அச்சமும் இல்லை, சம்மதமும் தேவையில்லை, ஆகவே அங்கே உங்கள் கேள்வி தூரம் பற்றியதல்ல, நேரம் பற்றியது. கடலேற்றமும் வற்றமும் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை வருகின்றன, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துகின்றன. அந்த ஊரின் ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றமும் விடியலும் சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால், ஈர மணல் அகலமாக விரிந்து வானத்தையே பிரதிபலிக்கும். வலை இழுப்பவர்களும் அந்த வேளையில்தான் இருப்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்தி அரைமணி நேரம்கூட நிற்காது என்பதால் முன்கூட்டியே இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும். வெண்மணலில் கேமராவின் ஒளி அளவி ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டுங்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை எல்லோரும் எடுக்கும் அதே கோணத்தில் எடுக்கத்தான் தோன்றும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பவளப்பாறைகள் நொறுங்கிப்போய் 2018-இல் மூடப்பட்டு 2022-இல்தான் திறக்கப்பட்ட கரை அது, இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய அனுமதியில்லாமல் தீவின் பின்புறம்தான் நிறுத்தப்படுகின்றன என்பதையும் சேர்த்து எழுதினால் அந்தப் படத்துக்கு ஒரு பொருள் வரும்.

லென்ஸ்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மனிதருக்கும் கரைக்கும் ஒரு 35 மி.மீ., விலங்குகளுக்கு ஒரு 70-300 மி.மீ. ஜூம். நடுவில் உள்ளவை வேண்டாம். 35 மி.மீ. உங்களை நெருங்க வைக்கும், 300 விலங்கை நிம்மதியாக விட்டுவைக்கும். மலிவு விமானங்கள் பலவற்றில் கைப்பையின் எடை வரம்பு 7 கிலோ; மாற்று பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குள் போகும்போது பையைத் திறக்காமல் சற்று நேரம் விட்டுவையுங்கள், இல்லையென்றால் கண்ணாடி பனித்துவிடும். அரிய விலங்குகளின் படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், வேட்டைக்காரர்களும் அவற்றைப் படிக்கிறார்கள்.

திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். ஜனவரியில் கிளம்பினால் ஏப்ரலில் கோஸ்டா ரிக்காவில் இருப்பீர்கள். டோர்ட்டுகேரோவில் பச்சை ஆமைகளின் பருவம் ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை. ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்ப முடியுமானால், பருவமழைக்கு முன்பே இலங்கையின் தென்கரையைப் பார்த்துவிடலாம். நீங்கள் போய்ச்சேரும்போது தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கக் கரையில் மழை தொடங்கியிருக்கும் என்பதால் தாய்லாந்து வளைகுடாத் தீவுகளில் அதிக நாள் தங்கலாம், இந்தோனேசியாவின் பெரும்பகுதிக்கு அது வறண்ட பருவம், ஜூலை இறுதியில் ஆமைகளிடம் போய்ச்சேர்வீர்கள். நாட்கள் போதவில்லை என்றால் கம்போடியாவை இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, அந்த வாரங்களை ஏதேனும் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குக் கொடுங்கள்.

அன்புடன்.