வலையமைப்பு நிர்வாகமும் பாதுகாப்பும்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தந்தையின் கேள்விகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் மகள் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல் மூன்றிலும் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி பெற்றிருப்பதையும், வலையமைப்பு நிர்வாகமும் பாதுகாப்பும் என்ற துறையில் இளங்கலைப் பட்டம் படிக்க விரும்புவதையும், கோயில் மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சியில் ஒரு தனியார் கல்லூரியின் முகவர் முன்பணம் கேட்டிருப்பதையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா, பெண்பிள்ளைக்குப் பொருந்துமா, செம்பனை ஆலைச் சம்பளத்தில் இந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு நல்ல படிப்பு. மகளின் மதிப்பெண்களும் அதற்குப் பொருந்தி வருகின்றன. ஆனால் அந்த முன்பணத்தை இந்த வாரம் கட்ட வேண்டாம். பட்டத்தின் பெயரையும் இலவச மடிக்கணினியையும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிட, அங்கே பிள்ளை கையால் என்ன செய்து பழகப் போகிறாள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே இந்தத் துறையில் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறாள். அவள் முன்னால் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டு சுவிட்சுகளும், வலையமைப்புகளை இணைக்கும் ஒரு ரவுட்டரும் இருக்கின்றன. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக் கணினிகள், கண்காணிப்புக் கேமராக்கள், விருந்தினருக்கான வைஃபை ஆகிய மூன்றும் ஒரே கம்பி வழியாகச் சென்றாலும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி அவற்றை விலேன் எனப்படும் வெவ்வேறு தனி வலையமைப்புகளாகப் பிரிக்க வேண்டும் என்பது அன்றைய வேலை. அவள் கட்டளைகளைத் தட்டுகிறாள். எல்லாம் சரியாக இயங்குகிறது. ஆனால் செய்த அமைப்பைச் சேமிக்க மறந்துவிட்டாள். விரிவுரையாளர் சுவிட்சை அணைத்து மீண்டும் போட்டதும் அத்தனையும் அழிந்துபோகிறது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அடுத்த வாரம் அவளே, தொலைவிலிருந்து சாதனங்களை இயக்க உதவும் டெல்நெட் என்ற பழைய முறை வழியாக ஒரு சாதனத்துக்குள் நுழைகிறாள். பக்கத்துக் கணினியில், வலையமைப்பில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் தட்டிய கடவுச்சொல் எழுத்து எழுத்தாக அந்தத் திரையில் தெரிகிறது. அதே வேலையை, தகவலை மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் எஸ்எஸ்எச் வழியாகச் செய்யும்போது அங்கே புரியாத குறியீடுகள்தான் தெரிகின்றன. கடவுச்சொல்லை மறையாக்கம் செய்ய வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் பத்து முறை படிப்பதும், தன் கடவுச்சொல்லே இன்னொருவர் திரையில் ஓடுவதை ஒரு முறை பார்ப்பதும் ஒன்றாகாது. இந்த அனுபவத்தைத் தருவதற்குத்தான் நாம் கட்டணம் கட்டுகிறோம்.

பட்டத்தின் பெயரில் உள்ள இரண்டு சொற்களும் இரண்டு பொறுப்புகளைக் குறிக்கின்றன. நிர்வாகம் என்பது கணினிகள், சர்வர்கள், கம்பிகள், வைஃபை, மேகக் கணினிச் சேவைகள் எல்லாம் நாள் முழுவதும் தடையின்றி ஓடுமாறு பார்த்துக்கொள்வது. பாதுகாப்பு என்பது அவற்றுக்குள் உரிமையில்லாதவர் நுழையாமல் தடுப்பதும், நுழைந்துவிட்டால் விரைவில் கண்டுபிடித்து வெளியேற்றுவதும் ஆகும். முதலாவதைச் சரியாகக் கற்காதவர் இரண்டாவதில் நிலைத்து நிற்பது கடினம், ஏனென்றால் வலையமைப்பின் வழக்கமான ஓட்டம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். முதல் ஆண்டில் நிரலாக்கம், தனிநிலைக் கணிதம், இயக்குதளம் போன்ற அடிப்படைப் பாடங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஹேக்கிங் கற்றுத் தருவார்கள் என்று எதிர்பார்த்துச் சேரும் பிள்ளைகள் அப்போது சோர்ந்துபோவதுண்டு. உங்கள் மகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். கூடுதல் கணிதத்தில் கிரெடிட் எடுத்த பிள்ளைக்கு இந்தக் கணக்குகள் எட்டாதவை அல்ல. வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் ஐபி முகவரி, பரவலாகப் பயன்படும் ஐபிவி4 வகையில், 32 இரும இலக்கங்கள் (0 அல்லது 1) கொண்டது. அதில் 26 இலக்கங்களை வலையமைப்புக்கு ஒதுக்கினால் மீதி ஆறில் 64 முகவரிகள் கிடைக்கும், முதலும் கடைசியும் போக 62 சாதனங்களை இணைக்கலாம். பாடத்தின் கணக்கு பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறது.

வேலை உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். மலேசியாவின் 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் மிக முக்கியமான தகவல் கட்டமைப்புகள் என்று அது 11 துறைகளைப் பட்டியலிடுகிறது. வங்கி, மின்சாரம், தண்ணீர், மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றோடு வேளாண்மையும் தோட்டத்துறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதை நம் மக்களில் பலர் கவனிக்கவில்லை. இந்தத் துறைகளில் முக்கியக் கட்டமைப்பு உடையவை என்று அறிவிக்கப்படும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இடர் மதிப்பீடும், இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிய வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் விவரங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாத் தோட்டங்களும் இந்தக் கடமைக்குள் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நாள்தோறும் பார்க்கும் ஆலையையே எண்ணிப் பாருங்கள். லாரி எடைமேடையில் ஏறியதும் குலைகளின் எடை கணினியில் பதிவாகிறது. அந்தக் கணக்கு தலைமையகத்துக்குப் போகிறது. வாசலில் கேமரா இருக்கிறது. வருகைப் பதிவு கைரேகையில் நடக்கிறது. அந்தக் கணினி ஒரு நாள் முடங்கினால் லாரிகள் வரிசையில் நிற்கும், பழம் கெட்டுப்போகும், எண்ணெயில் அமிலம் ஏறும். அப்படி முடங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத்தான் உங்கள் மகள் படிக்க நினைக்கிறாள். இது தவிர சைபர்ஜெயா, கோலாலம்பூர், பினாங்கின் பாயான் லெப்பாஸ், அண்மைக் காலத்தில் தரவு மையங்கள் பெருகி வரும் ஜொகூரின் கூலாய், செடெனாக் ஆகிய இடங்களிலும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது.

எனினும் பட்டம் வாங்கியதும் பாதுகாப்பு நிபுணர் என்ற நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். முதல் வேலை பெரும்பாலும் உதவி மேசையிலோ, வலையமைப்புக் கண்காணிப்பு அறையிலோதான் அமையும். கடவுச்சொல் மறந்தவருக்கு மாற்றிக் கொடுப்பதும், மேசைக்கு அடியில் குனிந்து கம்பி மாட்டுவதும் அதில் அடங்கும். பட்டதாரிப் பிள்ளை இதைச் செய்வதா என்று உறவினர் கேட்கக்கூடும். அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் கற்பதுதான் பிற்காலத்தில் நல்ல சம்பளத்துக்கு அடித்தளம் என்பதால், வீட்டில் யாரும் அதை இழிவாகப் பேசாமல் இருப்பது மிகவும் முக்கியம்.

பெண்பிள்ளை என்ற உங்கள் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. இந்த வேலைக்கு உடல் வலிமை தேவையில்லை. பொறுமையும் கூர்ந்து கவனிக்கும் பழக்கமும் தேவை. பெண்கள் இதில் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்கள் 24 மணி நேரமும் இயங்குபவை, ஆகவே தொடக்கத்தில் இரவு ஷிப்டு வரலாம். ஆலையில் ஷிப்டு பார்த்துப் பழகிய உங்களுக்கு அது புதிதல்ல. வேலைக்குச் சேரும்போது போக்குவரத்து வசதி உண்டா, தங்குமிடம் அலுவலகத்துக்கு அருகிலேயே கிடைக்குமா என்று கேட்டு முடிவெடுக்கலாம். பகல் வேலையே வேண்டும் என்றால் மருத்துவமனை, பள்ளி, ஆலைத் தலைமையகம் போன்ற இடங்களில் நிர்வாகப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த அச்சத்துக்காகப் படிப்பையே தடுக்க வேண்டாம் என்று உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இனி செலவைப் பார்ப்போம். உங்கள் மகளின் மதிப்பெண்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி ஆறாம் படிவம். அரசாங்க இடைநிலைப்பள்ளியில் மூன்று பருவங்களில், பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். முடித்துவிடலாம், செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம். கணிதத்தையும், பள்ளியில் இருந்தால் தகவல் தொழில்நுட்பத்தையும் பாடமாக எடுத்து, மியூட் ஆங்கிலத் தேர்வையும் எழுதி, பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பித்தால் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினி வலையமைப்பு, பாதுகாப்புப் பட்டத்துக்கோ, மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்பு அல்லது வலையமைப்புப் பட்டத்துக்கோ போட்டியிடலாம். எஸ்.டி.பி.எம். கடினம் என்று பலர் பயமுறுத்துவார்கள். கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டு உழைப்பு, தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கும் பொதுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை உங்கள் குடும்பத்துக்கு மிச்சப்படுத்தித் தரும். இரண்டாவது வழி பாலிடெக்னிக் டிப்ளோமா. கையால் செய்து கற்பதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு இது மிகவும் ஏற்றது, பிறகு பட்டப்படிப்பில் சேரும்போது சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கலாம். தனியார் வழியில்தான் போவது என்றால், ஈப்போவைத் தாண்டிக் கம்பாரில் இருக்கும் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை.

அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் பெற, அதே அமைப்பின் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். கடன் மீது ஆண்டுக்கு ஒரு விழுக்காடு உஜ்ரா எனப்படும் சேவைக் கட்டணம் உண்டு. படிப்பு முடிந்து 12 மாதங்கள் கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். முதல் வகுப்பில் தேறினால், விதிமுறைகளுக்கு உட்பட்டுக் கடன் விலக்கு கோரலாம். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். பணத்தில் செஜாத்தெரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்க அனுமதி உண்டு. ஆனால் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்காக உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடக்கத்திலேயே கரைத்துவிட வேண்டாம். கடன் முழுக் கட்டணத்தையும் ஈடுசெய்யாமல் போகும்போது குடும்பங்கள் பாதியில் தவிப்பதைப் பார்த்து வருவதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தேர்வு முடிவு வந்த இந்த இடைவெளியில் மகள் செலவில்லாமலே தொடங்கலாம். சாதனங்கள் இல்லாமலே வலையமைப்பைக் கணினித் திரையில் அமைத்துப் பழக உதவும் மென்பொருளான, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி வழங்கும் பாக்கெட் டிரேசர் இலவசம். நான் முன்பு சொன்ன விலேன் பயிற்சியை அதிலேயே செய்து பார்க்கலாம். வயர்ஷார்க், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கிப் பார்க்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ், லினக்ஸ் இயக்குதளம் ஆகியவையும் இலவசம். மடிக்கணினி வாங்கினால் 16 ஜிபி நினைவகம் உள்ளதாகப் பாருங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, புதிய எட்டு ஜிபி கணினியைவிட அதுவே உதவும். வலையமைப்புத் திறனுக்குச் சிஸ்கோ வழங்கும் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் 300 அமெரிக்க டாலர், சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஆகவே அதை இப்போது எழுத வேண்டாம், பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் எழுதினால் வேலை தேடும்போது பயன்படும். ஒன்றை மட்டும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பழகிப் பார்ப்பது தன் வீட்டுச் சாதனங்களோடு நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபையையோ பள்ளியின் கணினியையோ அனுமதியின்றித் திறந்து பார்ப்பது 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். நம்பிக்கையே முதலீடாக இருக்கும் துறையில் அப்படி ஒரு வழக்கு இருந்தால் யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

அந்த முகவர் மறுபடியும் அழைத்தால் அவரிடம் கேட்க வேண்டியவை இவை. மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இந்தப் பட்டத்தின் எண் என்ன, அது எஃப்ஏ என்ற முழு அங்கீகாரமா, பிஏ என்ற தற்காலிக அங்கீகாரமா? வலையமைப்பு ஆய்வுக்கூடத்தில் மாணவர் தொட்டுப் பழக எத்தனை சுவிட்சுகளும் ரவுட்டர்களும் இருக்கின்றன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அங்கே இருக்கலாம்? தொழிற்பயிற்சிக்குக் கடந்த ஆண்டு மாணவர்கள் எந்தெந்த நிறுவனங்களுக்குச் சென்றார்கள்? பட்டத்துக்கு முந்தைய ஃபவுண்டேஷன் படிப்பு முதல் பட்டம் வரை, தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எஸ்.டி.பி.எம். படிக்க முடிவுசெய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா? பதில்களை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்மொழியை ஏற்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தை நேரில் காட்டத் தயங்கினால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள். எழுத்தில் பதில் வந்தால் அதையும், மகளின் தேர்வு முடிவின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். ஆறாம் படிவத்துக்குப் பதிய வேண்டிய நாளுக்கு முன்பே பார்த்துச் சொல்கிறேன்.